மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் விடுப்பு

சேவுகப்பெருமாள் அண்ணனுக்குத் தன் மகள் கல்யாணத்துக்குப் போக ஒரு நாள் லீவு வேண்டியிருந்தது. அதற்கு இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என் கடைக்கு வந்தார். காரைக்குடி செக்காலை ரோட்டில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பட்டா மாறுதல், பாஸ்போர்ட், முதியோர் உதவித்தொகை என்று ஜனங்கள் எதையெதையெல்லாம் எழுதிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க லீவு கேட்டு எழுதச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அதிலும், அப்போது அவர் லீவில்தான் இருந்தார்.

"லீவுலதானண்ணே ஊருக்கு வந்திருக்கீக?" என்று கேட்டேன்.

"ஆமா. மூணு வாரம்."

"லீவுல இருக்கும்போது எதுக்கு லீவு?"

"இந்த லீவு மொதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கிறதுக்காக மொதலாளி குடுத்த லீவு. அதுல ஒருநா எனக்கு லீவு வேணும்."

நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு விளையாட்டு வராது.

சேவுகப்பெருமாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்டனூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்க்காரர். எனக்கு அண்ணன் முறை. கடலை போடும் புஞ்சை ஒன்று உண்டு. ஆனால் அவர் பிழைப்பு அடுப்படியில்தான். இருபத்தைந்து வருஷமாகச் செட்டிமார் வீட்டுக் கல்யாணங்களில் சமைத்தவர். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் கல்யாணத்துக்குத் திறந்தால், சாவியோடு இவரையும் தேடுவார்கள். இரண்டாயிரம் பேருக்கு உலை வைத்துவிட்டுப் பதறாமல் வெற்றிலை போடுவார். அடுப்பைத் தவிர உலகத்தில் இருக்கிற மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவார். காகிதம் என்றால் கூடுதல் பயம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்டனூரில் ஒரு கல்யாணத்தில் இவர் ஊற்றிய வெள்ளைப்பணியாரத்தைத் தின்றுவிட்டு, கானாடுகாத்தான் இராமு செட்டியார் கையோடு இவரைக் கனடாவுக்குக் கூட்டிப்போனார். டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் செட்டியாருக்கு உணவகம் இருக்கிறது. அந்த நாட்டுக்கு இப்படிப் போகிறவர்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். வேலை செய்வதற்கான பெர்மிட். அதில் முதலாளி யார், என்ன வேலை, எந்த இடம் என்று மூன்றும் அச்சடித்திருக்கும். அந்த முதலாளியிடம், அந்த வேலையை, அந்த இடத்தில்தான் செய்யலாம். அதை மீறினால் பெர்மிட்டுக்கு ஆபத்து.

இந்த விவரத்தைச் சேவுகப்பெருமாள் அண்ணன் ஒருநாளும் சொந்தமாகப் படித்ததில்லை. முதலாளி வாயால் கேட்டதோடு சரி. முதலாளியின் வாயில் அந்தப் பெர்மிட் ஒரு ரப்பர். செட்டியார் இழுத்தால் நீளும், இவர் இழுத்தால் சுருங்கும். ஞாயிற்றுக்கிழமை செட்டியார் வீட்டில் போய்ச் சமைக்க வேண்டும், அதற்குப் பெர்மிட்டில் இடம் உண்டு. வாசலில் விழுந்த பனியை அள்ளிக் கொட்டவும் இடம் உண்டு. காரைக் கழுவுவதும் சமையல் வேலையைச் சேர்ந்ததுதான். ஆனால் பக்கத்துத் தெரு நூலகத்தில் இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார்களே, அதற்குப் போனால் பெர்மிட் போய்விடும்.

போன புதிதில் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"தங்கச்சி, ரூமுல என்னோட நாலு பேரு இருக்காக. நான் சோறு வடிச்சா அவகளும் திம்பாக. அது வேற ஆளுக்கு வேலை பாத்த கணக்குல வருமா?"

"வராதுண்ணே. பசிச்சா போடுங்க."

"மொதலாளி வரும்ங்கிறாரே."

ஆறு மாதம் அந்த மனிதர் தனக்கு மட்டும் ஓர் ஆழாக்கு அரிசி போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றிருக்கிறார். பின்னால் நாலு பேர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அடுத்த வீட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். குழந்தையின் பிறந்தநாளுக்குக் கோலா உருண்டை செய்து தரச் சொல்லி அந்த வீட்டுக்காரர் வந்து கேட்டபோது, தனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுப் போனில் என்னிடம் அழுதார். நான் அவரைத் திட்டினேன். பிறகு எனக்கும் அழுகை வந்தது.

இப்போது இரண்டு கல்யாணங்களும் ஒரே நாளில் வந்து முட்டிக்கொண்டன. இவர் மகள் யோகலட்சுமிக்கு வைகாசியில் நாள் குறித்து நாலு மாதமாகிறது. திருக்கோஷ்டியூரில் கல்யாணம், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பிறகு செட்டியார் தன் மகள் நித்யஸ்ரீக்கு நாள் பார்த்தார். நல்ல நாள் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். அதே தேதி, அதே முகூர்த்தம், கானாடுகாத்தானில் அவர்கள் வீட்டில். இரண்டுக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்.

செட்டியார் உணவகத்தை மூன்று வாரம் மூடி, அண்ணனையும் விமானத்தில் ஏற்றினார். மகள் கல்யாணத்துக்கு அனுப்புகிறார் என்று இவர் கண்கலங்கிப்போய் ஏறியிருக்கிறார். பாதி வழியில் செட்டியார் சமையல் பட்டியலை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"'ஒம் மக கல்யாணத்துக்கு முந்துன நாள் போய்ட்டு வந்துரு'ன்னாரு" என்றார் அண்ணன்.

"முந்துன நாள் போய் என்ன பண்ணுவீக, பந்தக்காலையா பாப்பீக?"

"'பெர்மிட்டுல எம் பேரு இருக்கு, நீ எங்க இருந்தாலும் என் ஆளு. வரலைன்னா ஒரு போன், கேன்சல்'ங்கிறாரு."

இதற்குள் அண்ணன் மனைவி கல்யாணசுந்தரி என்னிடம் ஒரு புகார் சொல்லியிருந்தார். வந்ததிலிருந்து மனிதர் வீட்டு அடுப்பைத் தொடவில்லையாம். ஒரு காப்பி போடுங்கள் என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாராம். மகளுக்கு ஒரு பணியாரம் ஊற்றிக் கொடுக்கச் சொன்னதற்கு, முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். எனக்கு அன்றைக்கே தலை சூடேறிவிட்டது.

"பெர்மிட்டக் கொண்டாங்க" என்றேன்.

சட்டைக்குள் கை விட்டு எடுத்தார். லேமினேட் செய்து, அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குமேல் ஒரு மஞ்சள் பை. பிரித்துப் படித்தேன். முதலாளியின் கம்பெனிப் பெயர். வேலை, சமையல்காரர். இடம், அந்த ஊரின் பெயர். கீழே நிபந்தனைகள். கணினியில் அந்த நாட்டு அரசாங்கப் பக்கத்தைத் திறந்து ஒரு மணி நேரம் படித்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் முனகினார்கள். முனகட்டும் என்று விட்டேன்.

"அண்ணே, நல்லாக் கேளுங்க. இது அந்த நாட்டுக்குள்ள நீங்க யார்கிட்ட, எங்க, என்ன வேலை பாக்கலாம்னு சொல்ற சீட்டு. இதக் குடுத்தது கவர்மெண்டு. ஒங்க மொதலாளி வேணும்னா வேலைய விட்டு நிறுத்தலாம். சீட்ட ரத்துப் பண்ண அவரால ஆகாது. வேற மொதலாளி ஒருத்தர் ஒங்கள எடுக்க அனுமதி வாங்குனா, அவக பேர்ல புதுச் சீட்டுக்கு நீங்களே எழுதிப் போடலாம். அதுக்கு இவரு கையெழுத்து வேண்டாம். கொடுமை பண்ணுனா, எந்த மொதலாளி பேரும் இல்லாத சீட்டு கேட்கவும் வழி இருக்கு. இங்க காரைக்குடியில இந்தச் சீட்டுக்கு ஒரு வேலையும் இல்ல. போயி மகளுக்குப் பணியாரம் ஊத்துங்க."

அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது.

"மொதலாளி இங்கயும் செல்லும்ங்கிறாரு. அவரு படிச்சவரு."

"நானும் படிச்சவதான்."

"அதில்ல தங்கச்சி. இந்த வயசுல இது போச்சுன்னா என்னை யாரு கூப்பிடுவா? இப்ப எல்லாக் கல்யாணத்துக்கும் கேட்டரிங்காரன்ல வாரான்."

அது உண்மைதான். அவர் பெர்மிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன போட்டிருக்கு?"

"குறிச்ச இடத்தத் தவிர வேற எந்த இடத்துலயும் வேலை பாக்க அனுமதி இல்லைன்னு."

"அந்த இடம் எது?"

அந்தக் கனடா ஊரின் பெயரை வாசித்தேன்.

"அப்ப கானாடுகாத்தானுல நான் சமைச்சா தப்பால்ல போயிரும்?"

இங்கே செல்லாது என்றால் அவர் எங்கேயும் போகலாம். இங்கேயும் செல்லும் என்றால் கானாடுகாத்தானில் அவர் ஒரு அப்பளம்கூடப் பொரிக்கக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் செட்டியார் வீட்டு அடுப்பில் இவருக்கு வேலையில்லை. செல்லாது என்று நான் தொண்டை வறளச் சொல்லியாயிற்று, அதை அவர் நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்தேன். ஐயா, என் மகளின் திருமணத்தில் கலந்துகொள்ள எனக்கு ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே அனுமதிப்பவர் கையெழுத்துப் போட ஒரு கோடு. அன்று சாயங்காலமே கானாடுகாத்தானுக்குக் கொண்டுபோனார். செட்டியார் படித்துவிட்டு, இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோடு காலியாகவே இருந்தது.

கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்குச் செட்டியார் வீட்டுக் கார் அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டது. யோகலட்சுமிக்கு அப்போது தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணசுந்தரி என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போ. ஒம்பது மணிக்குள்ள இவர முழுசாக் கொண்டாந்து சேரு" என்றார். நான் பட்டுச்சேலையோடு காரில் ஏறினேன். அண்ணன் பெர்மிட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி வந்தார். விண்ணப்பம் சட்டைப்பையில் இருந்தது.

கானாடுகாத்தான் வீட்டைத் திறந்து, கழுவி, தோரணம் கட்டியிருந்தார்கள். முன்வாசலில் நாதஸ்வரம். பின்கட்டில் ஆறு கோட்டை அடுப்பும் எரிகின்றன. அண்டாவில் கவுனி அரிசி வெந்துகொண்டிருக்கிறது. வெள்ளைப்பணியார மாவு பதமாக நிற்கிறது. எடுபிடி ஆட்கள் ஏழெட்டுப் பேர் அண்ணனுக்காகக் காத்திருந்தார்கள். அவர் பின்கட்டு வாசற்படியோடு நின்றுவிட்டார். கைகள் இரண்டும் பின்னால்.

இராமு செட்டியார் வந்தார். சரிகை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தனக்கு வசதியானதையெல்லாம் சட்டம் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"என்ன சேவுகா, நிக்கிற? அறுநூறு பேரு வந்துட்டாக. கரண்டிய எடு."

"முடியாது மொதலாளி."

"என்ன முடியாது?"

"பெர்மிட்டுல இந்த ஊரு இல்லை."

செட்டியாருக்கு முதலில் புரியவில்லை. அண்ணன் பெர்மிட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"குறிச்ச எடத்தத் தவிர வேற எங்கயும் வேலை பாக்கப்படாதுன்னு போட்டிருக்கு. கானாடுகாத்தான்னு எங்கயும் போடலை. நான் இங்க அடுப்பத் தொட்டா, என் பெர்மிட்டும் போயிரும், ஒங்க கம்பெனி பேரும் கெட்டுப்போயிரும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுறேன்."

கேலியாகச் சொல்லியிருந்தால் செட்டியார் அதட்டி அடக்கியிருப்பார். இவரோ உண்மையாகவே முதலாளியைக் காப்பாற்றப் பார்த்தார். செட்டியார் என்னை முறைத்தார். நான் தூணில் இருந்த சித்திரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"அதெல்லாம் இந்த ஊருல கிடையாதுடா."

"ஒங்க ஆளுங்கிறது மட்டும் இந்த ஊருலயும் உண்டுன்னீகளே மொதலாளி."

சத்தம் வளவு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். வளவு என்பது வீட்டு நடுமுற்றம். அங்கேதான் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா லட்சுமணன் செட்டியார் எழுந்து பின்கட்டுக்கு வந்துவிட்டார். எழுபது வயது. கையில் இசைபிடிமானம். செட்டிமார் கல்யாணத்தில் இரு வீட்டாரும் ஒத்துக்கொண்டதை எழுதிக் கையெழுத்துப் போடும் பத்திரம் அது. அது எழுதாமல் அவர்களுக்குக் கல்யாணம் இல்லை. சீர்வரிசையில் ஒரு கரண்டி வைத்தால்கூடப் பட்டியலில் ஏற்றும் மனிதர்கள். எழுத்தில் இருப்பது மட்டும்தான் அவர்களுக்கு இருப்பது.

"என்ன சம்பந்தி, சமையக்கட்டுல வழக்கு?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி. நம்ம ஆளு, கொஞ்சம் மொரண்டு பண்ணுறான்."

"நம்ம ஆளுன்னா, எழுத்து இருக்கா?"

அண்ணன் பெர்மிட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார். லட்சுமணன் செட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்க வாசித்தார். அறுநூறு பேருக்குப் பசி. வெள்ளைப்பணியார எண்ணெய் புகைய ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்து நின்று, கனடா நாட்டு நிபந்தனைகளைக் கைகட்டிக் கேட்டார்கள். ஒருவர், "மூணாவது நிபந்தனைய இன்னொருக்கா வாசிங்க" என்றார்.

வாசித்து முடித்து லட்சுமணன் செட்டியார் சொன்னார்: "எழுத்து தெளிவா இருக்கு. முதலாளி நீக. வேலை சமையல். எடம் அந்த ஊரு. இந்த ஆளு இங்க அடுப்பத் தொடப்படாது."

"சம்பந்தி, அது அந்த நாட்டுச் சட்டம். இங்க எப்புடிச் செல்லும்?"

"செல்லாதா?"

"செல்லாது."

"செல்லாதுன்னா, இவன் இங்க ஒங்க ஆளு இல்ல. எதுக்கு அதட்டுனீக?"

இராமு செட்டியார் வாயைத் திறந்தார். செல்லும் என்றால் சமையல் இல்லை. செல்லாது என்றால் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் லேசாக இரக்கம்கூட வந்தது. உடனே போய்விட்டது.

லட்சுமணன் செட்டியார் விடவில்லை. கையிலிருந்த இசைபிடிமானத்தை ஆட்டிக் காட்டினார்.

"சம்பந்தி, ஒரு எழுத்த ஒருக்கா செல்லும்பீக, ஒருக்கா செல்லாதும்பீக. இந்த எழுத்துல நாளைக்கு எப்புடிச் சொல்வீகளோ?"

இப்போது மாட்டிக்கொண்டது சமையல் இல்லை, கல்யாணம். இராமு செட்டியாரின் மனைவி தேனம்மை ஆச்சி இவ்வளவு நேரமும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நேராக வந்து கணவரிடம் சொன்னார்: "அந்தச் சீட்டு இங்க செல்லாது, இவன் இங்க நம்ம ஆளு இல்லைன்னு சொல்லிப்புட்டு வாங்க. பொண்ணு மாலையோட உக்காந்திருக்கா."

"சரி. செல்லாது. நம்ம ஆளு இல்ல. போதுமா?"

"வாயால சொன்னா?" என்றார் லட்சுமணன் செட்டியார். "எழுதுங்க."

எழுதக் காகிதம் தேடினார்கள். அறுநூறு பேருக்கு வாழை இலை இருக்கிறது, ஒரு வெள்ளைத்தாள் இல்லை. அண்ணன் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து லீவு விண்ணப்பத்தை எடுத்தார். அதன் பின்பக்கத்தில், இட்லிப் பானை மூடியின்மேல் வைத்து, இராமு செட்டியார் எழுதினார். 'சேவுகப்பெருமாள் இந்த ஊரிலும் இந்தியா தேசத்தில் வேறு எந்த ஊரிலும் என் ஆள் அல்ல. மேற்படி பெர்மிட் இங்கு செல்லாது.' தேதி, கையெழுத்து. லட்சுமணன் செட்டியாரும் இன்னொரு பெரியவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். வேறு எந்த ஊரிலும் என்ற வார்த்தைகள் லட்சுமணன் செட்டியார் சொல்லிச் சேர்த்தவை. பத்திரம் எழுதினால் ஓட்டை இருக்கக் கூடாது என்றார்.

அண்ணன் தாளை வாங்கி என்னிடம் நீட்டினார். நான் வாசித்துக் காட்டினேன். மூன்று வருஷமாக நான் வாயால் சொன்னதை நம்பாதவர், மூன்று கையெழுத்தோடு பார்த்ததும் நம்பிவிட்டார்.

"அப்ப நான் போலாமா?"

"போப்பா" என்றார் லட்சுமணன் செட்டியார். "எங்க போற?"

"மகளுக்குக் கல்யாணம். இன்னக்கித்தான். திருக்கோஷ்டியூர்ல."

அந்தக் கிழவர் முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். இராமு செட்டியாரைத் திரும்பிப் பார்த்தார். இராமு செட்டியார் இட்லிப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேனம்மை ஆச்சிதான், "டிரைவர வேகமாப் போகச் சொல்லு" என்று யாரிடமோ கத்தினார். அப்போது மணி ஏழே முக்கால். அந்த வீட்டில் அன்றைக்குப் பணியாரம் யார் ஊற்றினார்கள், எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்படவில்லை.

திருக்கோஷ்டியூர் மண்டபத்துக்கு ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு லெவல் கிராசிங்கில் நின்றதில் எனக்கு உயிர் போய் வந்தது. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தாயிற்று. யோகலட்சுமி அப்பாவைப் பார்த்தாள்.

"லீவு குடுத்துட்டாகளாப்பா?"

"எழுதியே குடுத்துட்டாக" என்றார்.

அவள் தாளை வாங்கினாள். மணவறையில் உட்கார்ந்துகொண்டே, புகைக்கு நடுவில், முதலில் பின்பக்கத்தைப் படித்தாள். சிரிப்பு வந்தது. பிறகு திருப்பி முன்பக்கத்தைப் படித்தாள். பி.காம் படித்தவள், இங்கிலீஷ் புரியும். சிரிப்பு நின்றுபோயிற்று. தாளை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஐயர் அவசரப்படுத்தினார். பத்து மணிக்கு முன்னால் தாலி ஏறிவிட்டது. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார்.

பந்தி நடக்கும்போது அவரைக் காணவில்லை. தேடிப் போனால் மண்டபத்துச் சமையலறையில், கேட்டரிங்காரரிடம் கெஞ்சி மாவும் வாணலியும் வாங்கி, அடுப்பின் முன்னால் புது வேட்டியோடு நிற்கிறார். கையில் கரண்டி. மாவை மோந்து எண்ணெயில் ஊற்றினார். பணியாரம் ஓரம் சிவக்காமல் வெள்ளையாக உப்பி எழுந்தது. ஊருக்கு வந்தபின் அவர் அடுப்பைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

என்னைப் பார்த்ததும் கை நின்றது. "இது வேலையில சேராதுல்ல தங்கச்சி?"

"சேராதுண்ணே. ஊத்துங்க."

மகளுக்கு எட்டுப் பணியாரம் கொண்டுபோனார். அவள் எட்டையும் தின்றாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கனடாவுக்குத் திரும்பிப் போனார். செட்டியார் போன் செய்து எதையும் கேன்சல் செய்யவில்லை. அவரால் அது முடியாது என்பது ஒருபுறம் இருக்க, உணவகத்தைத் திறக்க அவருக்கு வேறு சமையல்காரர் இல்லை. ஏழு மாதம் கழித்து அந்த யாழ்ப்பாணத்துக்காரரின் தம்பி தன் சாப்பாட்டுக் கடைக்கு முறைப்படி அனுமதி வாங்கி அண்ணனை வேலைக்குக் கேட்டார். புதுப் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டது நான்தான், இந்தக் கடையில் உட்கார்ந்து, இரண்டு நாள் பிடித்தது. புதுச் சீட்டிலும் ஒரு முதலாளி, ஒரு வேலை, ஓர் இடம்தான். மாட்டை ஒரு முளையிலிருந்து அவிழ்த்து இன்னொரு முளையில் கட்டின மாதிரி என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் கயிறு எதுவரைக்கும் எட்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும். அறையில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சோறு வடிக்கிறாராம். நூலகத்து இங்கிலீஷ் வகுப்பைப் பற்றி அங்கே விசாரித்து வைத்திருக்கிறாராம். பிறந்தநாள் முடிந்து இரண்டு வருஷம் ஆன அந்தக் குழந்தைக்குக் கோலா உருண்டையும் செய்து கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளைப் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது. அவர் விமானம் ஏறுவதற்கு முதல் நாள், யோகலட்சுமியோடு என் கடைக்கு வந்தார். செட்டியார் எழுதிக் கொடுத்ததை லேமினேட் செய்ய வேண்டுமாம். பெர்மிட்டோடு சேர்த்து மஞ்சள் பையில் வைத்துக்கொள்ளப் போகிறாராம். யோகலட்சுமி தாளை இடுப்பிலிருந்து எடுத்தாள். மடிப்பில் மஞ்சள் கறை ஏறியிருந்தது. என்னிடம் கொடுக்காமல் முன்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் விரித்து வைத்தாள்.

"அத்தை, பேனா குடுங்க."

கொடுத்தேன். அனுமதிப்பவர் கையெழுத்துக்காக நான் போட்டிருந்த கோட்டின்மேல் அவள் தமிழில் எழுதினாள்: 'ஒரு நாள் பத்தாது.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

அண்ணன் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மறுநாள் காலை மதுரையிலிருந்து அவருக்கு விமானம். மகளின் தலையில் கையை வைத்தார். அவள் அந்தக் கையை எடுக்கவிடவில்லை.

"லேமினேட் பண்ணிரு தங்கச்சி" என்றார் கடைசியில். "ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி."

நான் சுவிட்சைப் போட்டேன். இயந்திரம் சூடாக ஐந்து நிமிஷம் ஆகும். மூன்று பேரும் அதன் முன்னால் காத்துக்கொண்டு நின்றோம்.